பஞ்சம் பிழைக்க வந்த ஜே பறவைகள்

சில இலையுதிர் காலங்களில் ஐரோப்பாவின் வயல்வெளிகளிலும் கடலோரங்களிலும் ஜே பறவைகள் திடீரென்று பெருகிவிடுகின்றன. பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம். பறவைகளுக்கோ திண்டாட்டம்.

1983 அக்டோபர். இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கடற்கரைகளில் தொலைநோக்கியும் கையுமாக நின்றிருந்தவர்கள், கடலோரத்தில் எந்த வேலையும் இல்லாத ஒரு பறவையைக் கண்டார்கள். ஒன்றிரண்டு அல்ல, கூட்டம் கூட்டமாக. அகன்ற சிறகுகளைச் சிரமப்பட்டு அடித்துக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக நீண்ட வரிசையில் அவை போய்க்கொண்டிருந்தன. அத்தனையும் ஜே பறவைகள்.

காட்டுக்குள் மறைந்து வாழ்வதுதான் ஜேயின் சுபாவம். ஒரு தோப்பிலிருந்து அடுத்த தோப்புக்குப் போவதென்றால்கூட நடுவில் உள்ள வெட்டவெளியை ஓட்டமும் நடையுமாகக் கடக்கிற ஜாதி அது. வல்லூறு பயம். அப்படிப்பட்ட பறவை மரமே இல்லாத கடல்முனைகளிலும், அறுவடை முடிந்த வயல்களிலும், ஊர் நடுவே வீட்டுத் தோட்டங்களிலும் ஜே ஜே என்று திரிந்தது. பிரிட்டனில் பறவை பார்ப்பவர்கள் அந்த வருடத்தை இன்றும் மறக்கவில்லை. ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழ் 1985-இல் அதற்கென்றே நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது.

இந்தக் காட்சியைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, “இந்த வருஷம் ஜே நன்றாகப் பெருகியிருக்கிறது” என்பதுதான். அதில் பாதிதான் உண்மை. அந்த ஆண்டு பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் ஓக் மரங்களின் காய்ப்பு பொய்த்துப் போயிருந்தது. காட்டில் சாப்பாடு இல்லை. வந்தவை செழித்துப் பெருகிய கூட்டம் அல்ல, பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய கூட்டம்.

யார் இந்த ஜே?

காக்கைக் குடும்பத்தில் பிறந்தது என்று சொன்னால் நம்ப முடியாத அழகு. உடம்பு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. கண்ணுக்குக் கீழே கறுப்பு மீசை. பறக்கும்போது வாலுக்கு மேலே பளிச்சென்று தெரியும் வெள்ளை. சிறகின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும் ஒரு நீலத் திட்டு. அந்த நீல இறகுக்காகவே தூண்டிலில் கட்டும் போலிப் பூச்சி செய்பவர்கள் இதைத் தேடினார்கள். நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். எடை 170 கிராம் அளவில். குரல் மட்டும் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். துணியைக் கிழிப்பதுபோல் ஒரே கரகரப்பு. அதோடு ஆந்தை, பருந்து வகைகளின் குரலையும் அச்சாகப் போலி செய்யும்.

தமிழ்நாட்டில் ஜே இல்லை. வெள்ளைக்காரர்கள் நம் பனங்காடையை ‘நீல ஜே’ என்று அழைத்தார்கள், ஆனால் அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் ஊரில் இதற்கு நெருங்கிய சொந்தம் வேண்டுமென்றால் வால்காக்கையைச் சொல்லலாம். உண்மையான ஜேயைப் பார்க்க இமயமலைக் காடுகளுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு வகை இருக்கின்றன. அங்கே ஓக் மரமும் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஓக் கிடையாது. இது தற்செயலான பொருத்தம் அல்ல. ஓக் இருக்கும் இடத்தில்தான் ஜேயின் பிழைப்பு.

மண்ணுக்குள் ஒரு களஞ்சியம்

செப்டம்பர் கடைசியில் ஓக் கொட்டைகள் முற்றத் தொடங்கும். அன்றிலிருந்து ஜேக்கு ஓய்வே இல்லை. கொட்டைகளைப் பறித்துத் தொண்டைக்குள் அடைத்துக்கொள்ளும். கொட்டையின் அளவைப் பொறுத்து ஐந்தாறு, சில சமயம் ஒன்பதுகூடக் கொள்ளும். கடைசியாக அலகில் ஒன்று. பிறகு சில நூறு மீட்டரோ சில கிலோமீட்டரோ பறந்துபோய், ஒவ்வொன்றாகத் தனித்தனி இடத்தில் மண்ணுக்குள் செருகி, மேலே ஓர் இலையையோ பாசியையோ இழுத்து மூடிவிடும். மறுபடி மரத்துக்கு. ஒரு ஜே ஒரே பருவத்தில் சுமார் 5,000 கொட்டைகள் வரை புதைக்கிறது என்பது கணக்கு.

ஒரே இடத்தில் குவித்து வைத்தால் எலியோ அணிலோ பன்றியோ ஒரே வேளையில் தீர்த்துவிடும். அதனால்தான் இந்தப் பரவலான புதையல். புதைத்த இடங்களை அக்கம்பக்கத்து மரம், கல், புதர் ஆகியவற்றை அடையாளமாக வைத்து நினைவில் கொள்கிறது. பனி மூடிய தரையிலும் சரியான இடத்தைத் தோண்டுகிறது.

நெதர்லாந்தில் ஆய்வு செய்த போஸெமா, 1979-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் இன்னொன்றையும் காட்டினார். கோடையில் முளைத்து நிற்கும் ஓக் நாற்றுகளை ஜே மெல்ல இழுத்துப் பார்க்கும். அடியில் ஒட்டியிருக்கும் விதைப் பருப்பை மட்டும் கொத்திக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். அதற்குள் நாற்றின் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருப்பதால் பெரும்பாலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆக அக்டோபரில் புதைத்தது மறு வருடக் கோடை வரை சோறு போடுகிறது. ஓக் காய்ப்பு பொய்த்தால் ஜேக்குப் போவது ஒரு மாதத்து உணவு அல்ல, எட்டு மாதத்துக் கையிருப்பு.

மரங்கள் போடும் கணக்கு

நம் தோட்டத்து மாமரம் ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்துவிட்டு மறு வருடம் சும்மா நிற்பதைப் பார்த்திருப்போம். ஓக்கிலும் அந்த ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் மாமரத்தில் பக்கத்து வீட்டு மரம் இந்த வருடம் காய்க்கலாம், நம் மரம் அடுத்த வருடம் காய்க்கலாம். ஓக் அப்படியல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் உள்ள மரங்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே வருடத்தில் காய்த்துக் கொட்டும். ஒரே வருடத்தில் கைவிரிக்கும்.

ஏன் இப்படி? இரண்டு காரணங்களை அறிவியலாளர்கள் முன்வைக்கிறார்கள். ஓக் காற்றில் மகரந்தம் பரப்பும் மரம். எல்லா மரமும் சேர்ந்து பூத்தால்தான் கருவுறுதல் நன்றாக நடக்கும். இரண்டாவது காரணம் தந்திரமானது. ஒவ்வொரு வருடமும் அளவாகக் காய்த்தால் எலி, அணில், பன்றி, மான், புழு என்று எல்லாம் சேர்ந்து மிச்சமில்லாமல் தின்றுவிடும். சில வருடங்கள் பட்டினி போட்டு அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, திடீரென்று ஒரு வருடம் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டினால், கொஞ்சமாவது முளைக்கும்.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைப்பது வானிலை. வசந்த காலத்தில் காய்ந்த, இதமான நாட்கள் அமைந்தால் மரங்கள் ஒருசேரப் பூக்கின்றன. காலம் தப்பி வரும் உறைபனி பூவைக் கருக்கினால் அந்த வருடக் காய்ப்பு அத்தோடு முடிந்தது. ஓக் கொட்டையையே உருத்தெரியாத முடிச்சாக மாற்றிவிடும் ஒரு சின்னஞ்சிறு குளவியும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் பரவிவிட்டது. அது பெருகும் வருடங்களில் பிஞ்சில் பெரும்பங்கு பாழ்.

ஜே பறவைகளின் பெரும் வரத்துக்கு வெறும் காய்ப்புக் குறைவு மட்டும் போதாது. அதற்கு முந்தைய வருடத்தையும் பார்க்க வேண்டும். காய்ப்பு அமோகமாக இருந்த வருடத்தில் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைக்கும் பறவைகள் அதிகம். அவை வசந்தத்தில் நல்ல உடல்நிலையில் முட்டையிடுகின்றன, குஞ்சுகளும் கூடுகின்றன. ஆனால் அள்ளிக் கொடுத்த மரங்கள் மறு வருடம் களைத்து நிற்கின்றன. தின்ன வாய் அதிகம், தின்னக் கொட்டை இல்லை. வட அமெரிக்காவில் வால்டர் கெனிக், ஜோகன்னஸ் நாப்ஸ் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, வடக்குக் காடுகளின் விதை தின்னும் பறவைகள் தெற்கே பெருவாரியாக இறங்குவதற்கும் இந்த இரட்டைச் சூழலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. நல்ல விளைச்சல், அதன் பின்னாலேயே மோசமான விளைச்சல். இரண்டும் அடுத்தடுத்து அமைய வேண்டும்.

காக்கைக் குடும்பத்தில் இதற்கு இன்னொரு பெரிய உதாரணம் உண்டு. சைபீரியக் காடுகளின் பைன் கொட்டையை நம்பி வாழும் ‘நட்கிராக்கர்’ பறவை 1968-இல் தன் எல்லையை விட்டு மேற்கே கிளம்பியது. பிரிட்டனில் அபூர்வத்திலும் அபூர்வமான அந்தப் பறவை, அந்த ஒரு பருவத்தில் மட்டும் 300-க்கு மேல் பதிவானது. காரணம் அதேதான்: சொந்த ஊரில் பைன் காய்க்கவில்லை.

எண்ணிக்கை சொல்லும் பாதி உண்மை

ஒரு கிராமத்தில் அக்டோபரில் வழக்கத்தைவிட அதிக ஜே தென்பட்டால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று மாறானவை.

முதலாவது, உண்மையிலேயே வெளியூர்ப் பறவைகள் வந்திருக்கலாம். 1983-இல் கடல் தாண்டி வந்தவை இப்படிப்பட்டவை. ஐரோப்பிய நிலப்பரப்பின் ஜேக்கு முதுகு சற்றுச் சாம்பல் பூத்திருக்கும், பிரிட்டிஷ் ஜே அதைவிடச் செம்மையானது. பழகிய கண்ணுக்கு ஓரளவு வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, அதே ஊர்ப் பறவைகளே காட்டுக்குள் சாப்பாடு கிடைக்காமல் வெளியே வந்து கண்ணில் படலாம். எண்ணிக்கை கூடவில்லை. பசி கூடியிருக்கிறது. கால்வளையம் இட்டு விடப்பட்ட பிரிட்டிஷ் ஜேக்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் போவதில்லை என்று பதிவுகள் காட்டுகின்றன. அப்படி ஊரைவிட்டு நகராத பறவையே நடமாடத் தொடங்கினால் விஷயம் தீவிரம் என்று பொருள். 1983-இல் இந்த இரண்டு வகையும் கலந்தே நடந்தது.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் நேர் எதிரானது. காய்ப்பு பிரமாதமாக இருக்கலாம். அப்போதும் ஜே அதிகம் தென்படும், ஏனென்றால் கொட்டை சுமந்துகொண்டு மரத்துக்கும் புதைக்கும் இடத்துக்கும் நாள் முழுக்கப் போய்வருகிறது. பத்துப் பறவை நூறு முறை போனால் பார்ப்பவருக்கு நூறு பறவையாகத் தோன்றும்.

ஆக, ‘நிறைய ஜே பார்த்தேன்’ என்ற ஒரு வரியிலிருந்து பஞ்சமா, செழிப்பா என்று தீர்மானிக்க முடியாது. அதற்குத்தான் வருடக்கணக்கில், ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணும் பழக்கம் தேவைப்படுகிறது. பிரிட்டனில் பி.டி.ஓ. என்ற பறவையியல் அறக்கட்டளை 1994 முதல் இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பையும், 1995 முதல் வீட்டுத் தோட்டக் கணக்கெடுப்பையும் நடத்துகிறது. இரண்டுக்கும் உழைப்பவர்கள் பொதுமக்கள். 2012-இல் பிரிட்டனில் மழை கொட்டித் தீர்த்தது, ஓக் காய்ப்பு படுத்தது. அந்த இலையுதிர் காலத்தில் தோட்டங்களுக்குள் ஜே வரத்து எகிறியதை வித்தியாசம் என்று அடையாளம் காண முடிந்தது, அதற்கு முந்தைய வருடங்களின் கணக்கு கையில் இருந்ததால்தான். வசந்த காலக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், நிலையாக வாழும் பறவைகள் எத்தனை, விருந்தாளிகள் எத்தனை என்று பிரித்துவிடலாம். பிரிட்டனில் கூடு கட்டும் ஜே சுமார் 1,70,000 ஜோடி.

கடலைக் கண்டால் மிரட்சி

சுவீடனின் தென்மேற்கு மூலையில் ஃபால்ஸ்டெர்போ என்ற முனை இருக்கிறது. அதைத் தாண்டினால் கடல், சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பால் டென்மார்க். வடக்கிலிருந்து தெற்கே வலசை போகும் பறவைகள் எல்லாம் இந்த முனையில் வந்து குவியும். 1973 முதல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இங்கே முறையாகப் பறவைகளை எண்ணுகிறார்கள். சில வருடங்களில் ஜே தலைகாட்டாது. சில வருடங்களில் ஆயிரக்கணக்கில் வரும்.

வந்தவை எல்லாம் கடலைக் கடப்பதில்லை. கூட்டம் மேலெழும்பும், தண்ணீரின் மேல் கொஞ்ச தூரம் போகும், தயங்கும், திரும்பி வந்துவிடும். மறுபடி முயலும். அகலமான, நுனி வட்டமான சிறகு மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து பறக்கத் தோதானது. மறைவிடம் இல்லாத கடலுக்கு மேல் நீண்ட தூரம் போக அது உதவாது.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்திலும் இதே கதைதான், பறவை மட்டும் வேறு. கனடாவின் நீல ஜேயை டொரண்டோ வாழ் தமிழர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. நகரத்தின் பேஸ்பால் அணியே அதன் பெயரில்தான் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் ஏரி ஈரியின் வடகரையை ஒட்டி இந்தப் பறவைகள் மேற்கே போகும். ஹாலிடே பீச் போன்ற இடங்களில் ஒரே நாளில் பல்லாயிரம் கடந்துபோவதைப் பார்க்கலாம். நேராக ஏரியைத் தாண்டினால் தூரம் குறையும், ஆனாலும் கரையை விடுவதில்லை. அங்கும் எல்லா நீல ஜேயும் வலசை போவதில்லை. ஒரு வருடம் போன பறவை மறு வருடம் போகாமல் இருந்துவிடலாம். எத்தனை போகின்றன என்பது ஓக், பீச் மரக் கொட்டைகளின் விளைச்சலைப் பொறுத்து மாறுகிறது.

பெட்டிச் செய்தி: காத்திருக்கத் தெரிந்த பறவை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிக்கோலா கிளேட்டன் குழுவினர் ஜே பறவைகளின் அறிவைப் பல வருடங்களாகச் சோதித்து வருகிறார்கள். 2022-இல் வெளியான ஒரு சோதனையில், உடனே கிடைக்கும் சாதாரணத் தீனியா, பொறுத்திருந்தால் கிடைக்கும் புழுவா என்று தேர்வு வைத்தார்கள். ‘ஜேலோ’ என்று பெயரிட்ட பறவை ஐந்தரை நிமிடம் காத்திருந்தது. வேறு சில இருபது விநாடிக்கு மேல் தாங்கவில்லை. அதிக நேரம் பொறுத்தவை மற்ற அறிவுச் சோதனைகளிலும் நன்றாகச் செய்தன. 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், பெட்டைக்கு ஊட்டும் ஆண் ஜே, அது ஏற்கெனவே எதைத் தின்று அலுத்திருக்கிறது என்பதைக் கவனித்து வேறு உணவைத் தேர்ந்தெடுத்தது தெரியவந்தது.

காடு வளர்க்கும் திருடன்

பண்ணையார்களின் வேட்டைக் காடுகளைக் காவல் காத்தவர்களுக்கு ஜே என்றால் ஆகாது. வசந்தத்தில் சின்னப் பறவைகளின் கூட்டில் முட்டையும் குஞ்சும் திருடும் என்பது குற்றச்சாட்டு. அது உண்மையும்கூட. சுட்டுச் சுட்டு ஒரு காலத்தில் பல பகுதிகளில் ஜே அரிதாகியிருந்தது. வேட்டைக் காவல் தளர்ந்த பிறகுதான் மீண்டது.

இப்போது அதே பறவையை வேலைக்கு வைக்கிறார்கள் ஜெர்மனியின் வனத்துறையினர். பைன் மட்டுமே நடப்பட்ட காடுகளைக் கலப்புக் காடாக மாற்ற வேண்டும். ஆள் வைத்து ஓக் நட்டால் செலவு. அதனால் காட்டுக்குள் கம்பத்தின் மேல் தட்டுகளை வைத்து ஓக் கொட்டையை நிரப்பிவிடுகிறார்கள். மீதியை ஜே பார்த்துக்கொள்கிறது. ஸ்டாக்ஹோம் நகரின் தேசியப் பூங்காவில் இதற்கு விலையே போட்டுப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான அந்தக் கணக்கின்படி, ஒரு ஜோடி ஜே செய்யும் வேலையை மனிதர்களைக் கொண்டு செய்தால், விதை ஊன்ற சுமார் 4,900 டாலர். நாற்றாக நட்டால் 22,500 டாலர்.

இங்கிலாந்தில் மாங்க்ஸ் வுட் என்ற பழைய காட்டின் ஓரம் இருந்த பார்லி வயல் ஒன்று 1961-இல் தரிசாக விடப்பட்டது. யாரும் ஒரு செடிகூட நடவில்லை. அறுபது வருடத்துக்குள் அது ஹெக்டேருக்கு 390 மரங்கள் கொண்ட காடாகிவிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் ஓக். ரிச்சர்ட் பிராட்டன் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் காட்டின் கர்த்தாக்களாகச் சுட்டியது ஜே பறவைகளை. முள் புதர்கள் நாற்றுகளுக்கு வேலியாக நின்றன.

1899-இல் கிளெமென்ட் ரீட் என்ற ஆய்வாளர் ஒரு புதிர் போட்டார். பனியுகம் முடிந்த பிறகு ஓக் தெற்கிலிருந்து பிரிட்டனின் வடகோடி வரை சுமார் 600 மைல் பரவியிருக்கிறது. கொட்டை தானாக விழுந்து உருண்டு பரவுவதென்றால் பத்து லட்சம் வருடம் ஆகியிருக்கும். அத்தனை காலம் கடக்கவில்லையே? கனத்த கொட்டையைத் தூக்கிப் போனவை பறவைகள் என்பதே அதற்கு விடை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1981-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த வேகத்தைக் கண்ணுக்கு முன் காட்டியது. சுமார் 50 நீல ஜேக்கள் ஒரு சிறிய ஓக் தோப்பிலிருந்து 28 நாட்களில் 1,33,000 கொட்டைகளைச் சுமந்துபோய்ப் புதைத்தன. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

வரத்து எதைச் சொல்கிறது?

மரங்கள் போடும் அந்தக் காய்ப்புக் கணக்கு இனிக் குலையலாம். இங்கிலாந்தின் பீச் மரங்களை 1980 முதல் கவனித்துவந்த ஆய்வு ஒன்று, வெப்பம் கூடக் கூட அந்த மரங்களுக்கிடையே இருந்த ஒத்திசைவு தளர்வதை 2020-இல் பதிவு செய்தது. நல்ல வருடத்துக்கும் கெட்ட வருடத்துக்கும் இடையிலான பெரிய வித்தியாசம் குறைகிறது. விதை தின்னும் புழுக்களுக்குப் பட்டினி வருடமே இல்லாமல் போகிறது. மரம் அதிகம் காய்த்தாலும் முளைப்பது குறைகிறது. பீச்சில் கண்ட மாற்றம் ஓக்கிலும் வருமானால், ஜேயின் பஞ்ச வருடமும் செழிப்பு வருடமும் இப்போது இருக்கும் ஒழுங்கில் இருக்காது.

அதனால் அடுத்த முறை லண்டன் புறநகர்ப் பூங்காவிலோ ஒன்டாரியோ ஏரிக்கரையிலோ ஜே கூட்டம் கண்ணில் பட்டால், பறவையை எண்ணுவதோடு நிறுத்தாமல் பக்கத்து ஓக் மரத்தடியிலும் ஒரு நிமிடம் குனிந்து பார்ப்பது நல்லது. தரையில் கொட்டை நிறைந்திருந்தால் அது களஞ்சியம் நிரப்பும் சுறுசுறுப்பு. வெறுந்தரையாக இருந்தால் அந்தக் கூட்டம் ஏதோ ஒரு காட்டில் விளைச்சல் பொய்த்ததன் அறிவிப்பு. இரண்டையும் சேர்த்துக் குறித்து வைத்து, அதையே மறு வருடமும் அதற்கடுத்த வருடமும் செய்தால்தான் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும். ஒரு பறவை ஓரிடத்தில் கூடியிருக்கிறது என்றால், அது எங்கே குறைந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.